ஈஸ்டர்: கிறிஸ்தவர்கள் கொண்டாடுவது எதை? நாம் பிரிவது எந்த இடத்தில்?

அரசின் விடுமுறைப் பட்டியலில் புனித வெள்ளி இருக்கும், ஈஸ்டர் இருக்காது. அது எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும் என்பதால் தனியாக ஒரு விடுமுறை தேவைப்படுவதில்லை. இதனாலேயே நம்மில் பலருக்கு அப்படி ஒரு நாள் வந்துபோவதே தெரிவதில்லை. கிறிஸ்தவர்களின் பெருநாள் எது என்று கேட்டால் சட்டென்று கிறிஸ்துமஸ் என்போம். ஸ்டார் தொங்குகிறது, கேக் வருகிறது, தெருவெல்லாம் தெரிகிறது. ஆனால் விஷயம் தெரிந்த எந்தப் பாதிரியாரிடம் கேட்டாலும், கிறிஸ்தவத்தின் தலையாய நாள் ஈஸ்டர்தான் என்பார். கிறிஸ்துமஸ் இல்லாமலும் கிறிஸ்தவம் நின்றிருக்கும். தொடக்க நூற்றாண்டுகளில் அப்படித்தான் இருந்தது. ஈஸ்டர் இல்லாமல் அது நிற்காது.

நெல்லைச் சீமையில் வாழும் முஸ்லிம்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது பொருத்தமில்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலைக்கும் சூரிய மின்தகடு ஆலைக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் ஒரே பேருந்தில் வருகிறார்கள், ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். மேலப்பாளையத்தில் கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவர் இல்லாத வீடுகளை எண்ணிவிடலாம். பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியில் படித்த கிறிஸ்தவர்களும் நிறைய. இவ்வளவு நெருக்கத்தில் இருந்தும், புனித வெள்ளியன்று காலையில் உடன் வேலை பார்க்கும் கிறிஸ்தவ அண்ணாச்சிக்கு "ஹாப்பி குட் ஃப்ரைடே" என்று வாட்ஸ்அப்பில் பூங்கொத்து அனுப்பும் தம்பிமார் இன்றும் இருக்கிறார்கள். அது அவர்களுக்குத் துக்க நாள். ஆங்கிலத்தில் 'குட்' என்று இருப்பதால் வந்த குழப்பம் இது; அங்கே அந்தச் சொல்லுக்குப் புனிதமான என்று பொருள். தமிழில் 'பெரிய வெள்ளி' என்றே சொல்லிவந்தார்கள், அதில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

நாற்பது நாட்கள்

ஈஸ்டர் ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடிவதல்ல. அதற்கு முன் ஞாயிறுகளைக் கழித்து நாற்பது நாட்கள் நோன்புக் காலம். கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்றும், சி.எஸ்.ஐ. சபையினர் லெந்து காலம் என்றும் சொல்வார்கள். சாம்பல் புதன் அன்று தொடங்கும். இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார் என்று இஞ்சீல் ஆகமங்கள் சொல்வதன் நினைவாக இந்தக் கணக்கு. நம் நோன்பைப் போல ஃபஜ்ர் முதல் மஃக்ரிப் வரை உணவும் நீரும் விடுவதல்ல. இறைச்சியை விடுவார்கள், ஒருவேளை உணவை விடுவார்கள், சிலர் தமக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை விடுவார்கள். மிச்சமாகும் காசைத் தனி உண்டியலில் சேர்த்து ஏழைகளுக்கோ சபைக்கோ கொடுக்கும் வழக்கமும் உண்டு.

இந்தக் காலத்தில் பெரும்பாலான குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் பத்திரிகைகள் வரிசையாக வந்து விழுவதற்குக் காரணம் அதுதான். கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர்களில் கறிக்கடை வைத்திருக்கும் பாய்மாருக்கு இந்த நாட்காட்டி புத்தகம் பார்க்காமலே தெரியும். நாற்பது நாள் வியாபாரம் மந்தமாக இருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு கூட்டம் தாங்காது.

கடைசி வாரம் புனித வாரம். குருத்தோலை ஞாயிறன்று தென்னங்குருத்தையோ பனங்குருத்தையோ கையில் பிடித்துக்கொண்டு பவனி போவார்கள். இயேசு கழுதைமேல் ஏறி பைத்துல் முகத்தஸ் நகருக்குள் வந்தபோது மக்கள் கிளைகளை விரித்து வரவேற்றார்கள் என்பதன் நினைவு அது. வியாழன் மாலை, அவர் தம் சீடர்களோடு உண்ட கடைசி விருந்தின் நினைவு. அன்று கத்தோலிக்கக் குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். மறுநாள் பெரிய வெள்ளி. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஆராதனை நடக்கும்; சிலுவையில் இயேசு பேசியதாக இஞ்சீல் ஆகமங்களில் உள்ள ஏழு வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரசங்கம் செய்வார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் வியாழன் இரவிலிருந்து மணி அடிப்பதில்லை. மரக்கட்டையைத் தட்டித்தான் ஒலி எழுப்புவார்கள். வெள்ளியன்று வழிபாடு முடிந்து கஞ்சி ஊற்றும் இடங்களும் உண்டு. நம் நோன்புக் கஞ்சிக்கும் அதற்கும் பக்குவம் வேறு. ஆனால் எல்லோரும் வரிசையில் நின்று ஒரே அண்டாவிலிருந்து வாங்கிக் குடிப்பது ஒன்றுதான்.

சனிக்கிழமை இரவு எல்லாம் மாறுகிறது. கத்தோலிக்க ஆலயத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு வெளியே புதிதாகத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கா மெழுகுவர்த்தி என்ற பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றி உள்ளே கொண்டுவருவார்கள். அதிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் ஏற்றி ஆலயம் முழுவதும் வெளிச்சமாகும். நின்றிருந்த மணிகள் ஒலிக்கும். சி.எஸ்.ஐ. சபைகளில் ஞாயிறு அதிகாலையில், கிழக்கு வெளுக்கும் முன்பே ஆராதனை. சில ஊர்களில் அந்த விடியலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தங்கள் வீட்டு மையித்துகள் அடங்கிய இடத்தில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து நிற்பார்கள். மகிழ்ச்சியான பெருநாளன்று கப்ருஸ்தானுக்கு ஏன் போகிறார்கள் என்ற கேள்விக்கான பதிலில்தான் ஈஸ்டரின் முழுப்பொருளும் இருக்கிறது.

இந்த வழிபாடுகள் இந்த மண்ணுக்கு நேற்று வந்தவையல்ல. முத்துக்குளித்துறையில் கத்தோலிக்கம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவை கட்டிய சிறிய ஆலயம் 1785ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஊசிக் கோபுரம் என்று நாமெல்லாம் அடையாளம் சொல்லும் தூய திரித்துவப் பேராலயம் 1826இல் கட்டப்பட்டது.

என்ன நடந்ததாக நம்புகிறார்கள்?

இங்கே சொல்லப்படுவது அவர்களுடைய நம்பிக்கை என்பதால் அவர்கள் வழங்கும் பெயரிலேயே சொல்வோம். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு இஞ்சீல் ஆகமங்களும் சொல்வதன் சாரம் இது. ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆணையால் இயேசு வெள்ளிக்கிழமை சிலுவையில் அறையப்பட்டு இறந்தார். அரிமத்தியாவைச் சேர்ந்த யோசேப்பு என்பவர் உடலைக் கேட்டு வாங்கி, பாறையில் குடைந்த கல்லறையில் வைத்து வாசலைக் கல்லால் மூடினார். ஞாயிறு அதிகாலையில் மகதலேனா மரியாள் உள்ளிட்ட பெண்கள் போய்ப் பார்த்தபோது கல் புரட்டப்பட்டிருந்தது, உடல் இல்லை. அதன்பின் அவர் சீடர்களுக்கு உயிரோடு காட்சி தந்தார். பின்னர் வானுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்.

வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை எப்படி மூன்று நாளாகும் என்று நம் மேடைகளில் கேட்கப்படுவதுண்டு. இது வலுவான கேள்வி அல்ல. யூதர்களுக்கும் நம்மைப் போலவே சூரியன் மறையும்போது அடுத்த நாள் தொடங்கிவிடும். வெள்ளி மஃக்ரிபுக்கு முந்தைய பொழுது ஒரு நாள், சனி ஒரு நாள், ஞாயிறு மூன்றாம் நாள் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இந்த மாதிரிக் கணக்குகளில் நேரத்தைச் செலவழிப்பதைவிட, அவர்கள் எதன்மேல் நிற்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இந்த நிகழ்ச்சியில் ஒரு தனி நெருக்கம் உண்டு. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது நம்ப மறுத்தவர் தோமா. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர், எட்டு நாள் கழித்து நேரில் கண்டு நம்பினார் என்கிறது யோவான் ஆகமம். அந்தத் தோமாதான் பிறகு இந்தியாவுக்கு வந்து சென்னையில் கொல்லப்பட்டார் என்பது அவர்களின் மரபு. பரங்கிமலையும் சாந்தோம் ஆலயமும் அவர் பெயரில்தான் இருக்கின்றன.

ஏன் எல்லாம் இதில் நிற்கிறது?

கிறிஸ்து எழுப்பப்படவில்லை என்றால் தாங்கள் பிரசங்கிப்பதும் வீண், மக்கள் நம்புவதும் வீண் என்ற கருத்தை பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் காணலாம். இவ்வளவு வெளிப்படையாகத் தன் மதத்தின் அடித்தளத்தை ஒரே ஒரு நிகழ்ச்சியின் மேல் வைத்தவர்கள் குறைவு. அது நடந்தது என்றால் எல்லாம் உண்டு. நடக்கவில்லை என்றால் ஒன்றுமில்லை.

அவர்களின் வாதம் இப்படிப் போகிறது. ஆதம் இறைவனின் கட்டளையை மீறியதால் பாவமும் அதன் தண்டனையாக மரணமும் மனித இனத்துக்குள் வந்தன. மனிதன் தன் அமல்களால் அந்தக் கடனை அடைக்க முடியாது. பாவமற்ற ஒருவர் எல்லோருக்காகவும் பலியாக வேண்டும். இயேசு அந்தப் பலியானார். இறைவன் அவரை மரணத்திலிருந்து எழுப்பியதே அந்தப் பலியை ஏற்றுக்கொண்டான் என்பதற்கு அத்தாட்சி. ஆகவே மரணத்துக்கு இனி அதிகாரமில்லை. அவரை நம்பி இறந்தவர்களும் ஒருநாள் எழுவார்கள். ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் போய் நிற்பது இதற்காகத்தான். துக்கம் கேட்கப் போவதல்ல அது. உள்ளே இருப்பவர் எழப்போகிறார் என்று சொல்லப் போவது.

ஒருவர் வாதத்தை மறுப்பதற்கு முன் அதை அவரே ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்னதை ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் படித்துக் காட்டினால் ஆமாம் என்பார் என்றே நம்புகிறேன்.

நாம் பிரியும் இடம்

கிறிஸ்தவர்களோடு நமக்குள்ள வேறுபாடு சிலுவையில் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆதம் (அலை) அவர்களிடமே தொடங்கிவிடுகிறது. ஆதம் (அலை) தவறினார்கள், வருந்தினார்கள், இறைவன் கற்றுக்கொடுத்த சொற்களால் மன்னிப்புக் கேட்டார்கள், அல்லாஹ் அவர்களின் தவ்பாவை ஏற்றுக்கொண்டான் என்று அல்பகரா அத்தியாயத்தின் 37ஆம் வசனம் தெரிவிக்கிறது. அத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. பிள்ளைகளுக்குக் கடன் எதுவும் வரவில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பதைக் குர்ஆன் 6:164 உட்படப் பல இடங்களில் சொல்கிறது. கடனே இல்லாதபோது அதை அடைக்க ஒரு பலியும் தேவையில்லை. இறைவன் மன்னிக்க நாடினால் தவ்பா போதும்.

சிலுவை பற்றிய நம் நிலை 4:157, 158 வசனங்களில் இருக்கிறது. ஈஸா (அலை) அவர்களை அவர்கள் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை. அவர்களுக்கு அப்படி ஒரு தோற்றம் ஏற்படுத்தப்பட்டது. அல்லாஹ் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான். அந்தத் தோற்றம் எப்படி ஏற்பட்டது என்பதில் முஃபஸ்ஸிர்கள் பல அறிவிப்புகளைத் தந்திருக்கிறார்கள். இமாம் தபரீயின் தஃப்ஸீரில் அவற்றைப் பார்க்கலாம். வேறொருவருக்கு ஈஸா நபியின் தோற்றம் தரப்பட்டது என்பதே அவற்றில் பரவலாக அறியப்பட்டது. இறுதி நாளுக்கு முன் அவர்கள் இறங்கி வருவார்கள், பின்னர் இவ்வுலகில் மரணிப்பார்கள் என்பதை ஹதீஸ்கள் விவரிக்கின்றன.

சில கிறிஸ்தவ ஊழியர்கள் 19:33 வசனத்தைக் காட்டி, ஈஸா நபி தாம் இறக்கும் நாளையும் உயிருடன் எழுப்பப்படும் நாளையும் சொல்கிறாரே, இது ஈஸ்டர்தானே என்று கேட்பார்கள். அதே அத்தியாயத்தின் 15ஆம் வசனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இதே சொற்கள் யஹ்யா (அலை) அவர்களைப் பற்றி வருகின்றன. யஹ்யா நபி மூன்றாம் நாள் எழுந்தார் என்று அவர்களும் சொல்வதில்லை. அங்கே பேசப்படுவது எல்லா மனிதர்களும் எழுப்பப்படும் மறுமை நாள்.

ஆக, இரு தரப்பும் மதிக்கிற ஒரு மனிதரைப் பற்றி, இரண்டும் ஒரேநேரத்தில் உண்மையாக இருக்க முடியாத இரண்டு செய்திகள். 'எல்லாம் ஒன்றுதான்' என்று மேடையில் பூசிமெழுகுவது கிறிஸ்தவருக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை. ஆனால் உடன்படும் இடம் சிறியதல்ல. மர்யம் (அலை) அவர்களின் கற்பு, தந்தையின்றிப் பிறந்தது, அற்புதங்கள், வானுக்கு உயர்த்தப்பட்டது, திரும்பி வருவது ஆகிய அனைத்திலும் நாம் அவர்களோடு இருக்கிறோம்.

இஷ்தார் கதையும் பிறைக் கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் இந்த நாட்களில் ஒரு செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். ஈஸ்டர் என்பது பாபிலோனிய தேவதை இஷ்தாரின் பெயர், ஆகவே இது சிலை வணக்கப் பண்டிகை என்று. ஒலி ஒற்றுமையைத் தவிர இதற்கு ஆதாரமில்லை. ஆங்கிலப் பெயர் எயோஸ்ட்ரே என்ற தேவதையின் பெயரிலமைந்த மாதத்திலிருந்து வந்தது என்று 8ஆம் நூற்றாண்டில் பீட் என்ற இங்கிலாந்துத் துறவி எழுதினார். அவரைத் தவிர வேறு பழைய சான்று கிடைக்கவில்லை. அதுவும் ஆங்கிலம், ஜெர்மன் மொழிகளின் பெயர்க்கதைதான். உலகின் பெரும்பாலான மொழிகளில் அந்த நாளின் பெயர் யூதர்களின் பெஸாஹ் பண்டிகையிலிருந்து வந்த பாஸ்கா. மூஸா (அலை) அவர்களின் சமூகம் ஃபிர்அவ்னிடமிருந்து மீண்டதன் நினைவு அது. அரபுக் கிறிஸ்தவர்கள் ஈதுல் கியாமா என்பார்கள். ஊர்ஜிதம் செய்யாத செய்தியைப் பற்றி 49:6 வசனம் எச்சரித்திருக்க, இதை ஃபார்வர்டு செய்ய நமக்கு அனுமதியில்லை.

ஈஸ்டர் ஆண்டுதோறும் நாள் மாறுவது ஏன் என்பதும் நம்மவர்களுக்குச் சுவையான செய்தி. மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆகவே அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் விழும். அந்த முழுநிலவை யாரும் வானத்தில் தேடுவதில்லை. அட்டவணையில் கணக்கிட்ட நிலவு அது. எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று 325இல் நைசியா சபையில் முடிவெடுத்தார்கள். ஆனாலும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் பெரும்பாலான ஆண்டுகளில் வேறு ஞாயிறில்தான் கொண்டாடுகிறார்கள். பிறை விஷயத்தில் ஒரே தெருவில் இரண்டு பெருநாள் கண்ட நமக்கு இது புரியாமல் போகாது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஈஸ்டர் ஞாயிறு நம் ரமளானுக்குள்ளேயே வந்தது.

ஜெரூசலத்துச் சாவி

இயேசு அடக்கப்பட்டு எழுந்ததாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் இடத்தில் ஜெரூசலத்தில் ஓர் ஆலயம் இருக்கிறது. அரபியில் கனீஸதுல் கியாமா. அந்த நகரம் கி.பி. 637-638 வாக்கில் உமர் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தொழுகை நேரம் வந்தும் அவர்கள் அந்த ஆலயத்துக்குள் தொழ மறுத்துவிட்டார்கள். தாம் தொழுத இடம் என்று சொல்லிப் பின்னால் வரும் முஸ்லிம்கள் அதை எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சி, வெளியே தொழுதார்கள். இதைப் பதிவு செய்தவர்களில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு பித்ரீக் என்ற கிறிஸ்தவத் தலைமைகுருவும் ஒருவர்.

அந்த ஆலயக் கதவின் சாவி இன்றும் முஸ்லிம்களிடம் இருக்கிறது. ஜூதா குடும்பம் சாவியை வைத்திருக்க, நுசைபா குடும்பத்தார் கதவைத் திறக்கிறார்கள். ஆலயத்தைப் பங்கிட்டுக்கொண்டுள்ள பல சபைகளுக்கிடையே யாருக்கும் சார்பில்லாத ஒருவரின் கையில் கதவு இருப்பது எல்லோருக்கும் வசதி. ஈஸா (அலை) அங்கே அடக்கப்படவில்லை என்று நம்புகிற குடும்பங்கள்தான், அடக்கப்பட்டார் என்று நம்புகிறவர்களுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கதவைத் திறந்துவிடுகின்றன. மடாலயங்கள், கிறிஸ்தவ ஆலயங்கள், யூத ஆலயங்கள், மஸ்ஜிதுகள் ஆகியவை இடிக்கப்படாமல் காக்கப்படுவதைப் பற்றி 22:40 வசனம் பேசுகிறது. அந்த வரிசையில் மஸ்ஜிதுக்கு முன்பே கிறிஸ்தவ ஆலயம் வருகிறது.

2019 ஏப்ரல் 21

அந்த முன்மாதிரிக்கு நேரெதிரானது நம் கடலுக்கு அப்பால், நம் மொழி பேசும் மண்ணில் நடந்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று நட்சத்திர ஹோட்டல்கள் என அன்று காலை தற்கொலைத் தாக்குதல்கள் நடந்தன. 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே வந்த பிள்ளைகள். இதற்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான், மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியைச் சேர்ந்தவன்.

மரணம் தோற்றுவிட்டது என்று பாடுவதற்காக அந்த மக்கள் கூடிய காலை அது. வேறெந்த ஞாயிறைவிடவும் ஆலயங்கள் நிறைந்திருக்கும் என்பது தெரிந்தே அந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஸஹ்ரானின் போக்கைப் பற்றி இலங்கை முஸ்லிம்களே முன்கூட்டி அதிகாரிகளிடம் எச்சரித்திருந்தார்கள். தாக்கியவர்களின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் அடக்க இடம் தரமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா அறிவித்தது. கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித், பழிவாங்க வேண்டாம், அமைதி காக்க வேண்டும் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். அப்படியிருந்தும் மே மாதத்தில் வடமேற்கு மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இலங்கைக் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டர் இன்று இரண்டு நினைவுகளைச் சுமந்த நாள். நம் ஊர்க் கிறிஸ்தவர்களில் இலங்கையில் உறவு உள்ளவர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போது, 'அவன் முஸ்லிமே இல்லை' என்ற ஒற்றை வரியோடு பேச்சை முடித்துவிடக் கூடாது. முதலில் இறந்தவர்களைப் பற்றிக் கேட்போம்.

வாழ்த்தலாமா?

ஈஸ்டர் வாழ்த்து சொல்லலாமா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. உயிர்த்தெழுதலை ஏற்பதாகிவிடும் என்பதால் கூடாது என்பது ஆலிம்களில் பெரும்பாலோரின் கருத்து. நல்லுறவுக்காகப் பொதுவாக வாழ்த்துவதை அனுமதிப்பவர்களும் இருக்கிறார்கள். தீர்ப்பு வழங்குவது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். இரண்டு கருத்திலும் சிக்கல் வராத விஷயங்கள் நிறைய உண்டு. பெரிய வெள்ளியன்று பக்கத்து வீட்டில் ஆராதனை முடிந்து வரும் நேரத்தில் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஈஸ்டர் விடியலுக்காக ஷிப்டை மாற்றித் தரும்படி கேட்கும் கிறிஸ்தவத் தொழிலாளிக்காக ஒரு ஞாயிறு காலை நாம் வேலைக்குப் போகலாம். நம் பெருநாளன்று அவர் அதைச் செய்பவர்தான். இயேசுவைப் பற்றி நீங்கள் என்னதான் நம்புகிறீர்கள் என்று அவர் கேட்டால், ஸூரா மர்யமில் இருப்பதை உட்கார்ந்து நிதானமாகச் சொல்லலாம்.